அன்னிக்கு ஓடுன லிப்ட்டு

"அன்னிக்கு ஓடுச்சே! என் ரெண்டு கண்ணால பாத்தேன். நானே பட்டன அழுத்துனேன். ஓடுச்சே!"

இதைக் காசியம்மாள் சொல்லாத ஆள் வேங்கிக்காலில் யாரும் பாக்கியில்லை. பால் போட வருகிறவனிடம் சொன்னாள். காஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்து நாலு மாடி ஏறி வந்து, வாசலில் நாக்குத் தள்ள நின்றவனிடம் சொன்னாள். அவனால் வாயைத் திறக்க முடியாததால் முழுசாகக் கேட்டுக்கொண்டான். போனில், "மேடம், பர்சனல் லோன் தேவைப்படுதா மேடம்?" என்று குழைந்த பெண்ணிடமும் சொன்னாள். இப்படிக் கூப்பிடுகிற பெண்கள் தாமாக போனை வைக்கவே மாட்டார்கள் என்பார்கள். அந்தப் பெண் வைத்தாள்.

அன்றைக்கு ஓடியது கிரிமலர் ஹைட்ஸ் என்ற அடுக்குமாடி வீட்டின் லிப்ட். அதன் பிறகு ஓடவில்லை.

காசியம்மாள் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே தள்ளுவண்டியில் இட்லி விற்றவள். திங்கட்கிழமை மனு கொடுக்க வருகிற கூட்டம் முதலில் இவளிடம்தான் வரும். "இன்னா மனு? பட்டாவா? அப்ப ரெண்டு இட்லி சேத்துத் துன்னு. சாயங்காலம் வரைக்கும் நிக்கணும்" என்பாள். புருஷன் ராஜமாணிக்கம் ஆட்டோ ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். காசியம்மாள் பக்கத்தில் இருக்கும்போது அவருக்கு அந்த அவசியமும் வந்ததில்லை.

கல்யாணம் ஆன நாளிலிருந்து வாடகை வீடு. வீட்டுக்கார அம்மாக்கள் எல்லோருடைய குரலும் அவளுக்குப் பாடம். ஒருத்தி மூக்கால் பேசுவாள்: "ஆணி கீணி அடிச்சுடாதீங்க, சொவரு பாழாயிடும்." இன்னொருத்தி சிரித்துக்கொண்டே சொல்வாள்: "சொந்தக்காரங்க ஜாஸ்தி வர்றாங்களே, தண்ணி செலவு பாத்தீங்களா?" மற்றொருத்தி ஒன்றும் சொல்லமாட்டாள், காலை ஏழானதும் மோட்டாரை நிறுத்திவிடுவாள், தலையில் சீயக்காயோடு நிற்கிறவர்கள் நிற்கட்டும் என்று. இவர்களையெல்லாம் சாமான் கழுவிக்கொண்டே காசியம்மாள் பேசிக் காட்டுவாள். ராஜமாணிக்கம் சிரித்து முடித்ததும், கடைசியில் தன் குரலில் ஒன்று சொல்வாள்: "சாவறதுக்குள்ள என் வூட்டு சொவத்துல என் இஷ்டத்துக்கு ஒரு ஆணி அடிக்கணும்."

அந்த நேரத்தில்தான் வீடுகளின் விலை சரிந்தது. அதற்கு முன்னால் சென்னையிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் ஆட்கள் காரில் வந்து, கிரிவல மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, போட்ட கை கீழே இறங்குவதற்குள் ஒரு ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த வேகத்தை நம்பித்தான் வேணு என்கிற பில்டர் கிரிமலர் ஹைட்ஸைக் கட்டினார். பூச்சு வேலை காய்வதற்குள் வாங்க வந்தவர்கள் எல்லாம் விற்க வந்தவர்களாக ஆனார்கள். பாதிக்கு மேல் வீடுகள் பூட்டியே கிடந்தன. வேணு விலையைக் குறைத்தார். அப்புறம் இன்னும் குறைத்தார். போர்டில் 'மலை வியூ இலவசம்' என்று எழுதினார். காசியம்மாளின் வண்டியில் இட்லி சாப்பிட வந்தவர், சட்னி போடுகிற கையைப் பார்த்தே ஆளை அளந்துவிட்டார்.

"அம்மா, நீங்க வாங்கப்போறது வூடு இல்லம்மா. வாழ்க்கை! இப்ப வுட்டா இந்த ரேட்டு திரும்ப வராது. ஏன்னா நானே திரும்ப வரமாட்டேன்!"

அவர் பேசியதில் அந்தக் கடைசி வார்த்தை மட்டும் அப்படியே பலித்தது.

பார்க்கப் போன அன்று லிப்ட் வாசலில் மாவிலை கட்டியிருந்தது. எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. கதவுக்குச் சந்தனம், குங்குமம். "மொத மொதல்ல நீங்கதாம்மா ஏறணும். சுமங்கலி, கைராசி. கற்பூரத்த ஏத்துங்க, வலது கால வைங்க" என்றார் வேணு. காசியம்மாள் ஏற்றினாள், வைத்தாள், நாலு என்று எழுதிய பட்டனை அழுத்தினாள். லிப்ட் சின்னதாக ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு மேலே போனது. கீழே பின்பக்கம் ஏதோ தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. "அது இன்னா சத்தம்?" என்று ராஜமாணிக்கம் கேட்டார். "போர் போடறாங்க சார், தண்ணி வசதி" என்றார் வேணு. அது கல்யாண மண்டபத்திலிருந்து ஒருநாள் வாடகைக்கு எடுத்து வந்த ஜெனரேட்டர் என்பது பின்னால் தெரிந்தது.

நாலாவது மாடியில் பால்கனிக் கதவைத் திறந்ததும் மலை மொத்தமாக எதிரே நின்றது. காற்று வந்தது. புழுதி வரவில்லை. அதுதான் அவளைப் பிடித்துக்கொண்டது.

"கீழ் வூடும் இதே ரேட்டுதானாம், காசி. கீழயே பாத்துக்கலாமே" என்றார் ராஜமாணிக்கம்.

"ரோட்டுல நின்னு நான் துன்ன புழுதி பத்தாதா? சொந்த வூட்டுலயும் வந்து துன்னணுமா? மேலதான். லிப்ட்டுதான் ஓடுதே!"

பிள்ளை அன்பரசன் ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலையில் இருந்தான். லோன் அவன் பேரில் வந்தது. குடிபோன அன்று காசியம்மாள் பாலைக் காய்ச்சிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுத்தியலை எடுத்தாள். ஹாலில் ஆணி, பெட்ரூமில் ஆணி, சமையல்கட்டில் ஆணி. மாட்ட எதுவும் இல்லாத இடத்திலும் ஆணி. "இதுல இன்னா மாட்டப்போற?" என்று புருஷன் கேட்டதற்கு, "ஒண்ணும் இல்ல. சும்மா கெடக்கட்டும். என் ஆணி" என்றாள். கீழ் மாடிகள் எல்லாம் காலியாக இருந்ததால் அந்தச் சத்தம் கட்டடம் முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. தடுக்க ஒரு மூக்குக் குரலும் இல்லை.

மறுவாரம் லிப்ட் நின்றது. நின்றது என்பதுகூடச் சரியில்லை. அந்த ஒரு நாளைத் தவிர அது எப்போதுமே நின்றுகொண்டுதான் இருந்தது. அதற்குத் தனிக் கரண்ட் கனெக்‌ஷன் வேண்டும், லைசென்ஸ் வேண்டும். வேணு எதையும் வாங்கவில்லை. போன் செய்தால், "ஆயிடுச்சும்மா, பைல் டேபிள் மேலதான் இருக்குது" என்பார். யார் டேபிள் என்று சொல்லமாட்டார். ஒருநாள் அவர் ஆபீஸ் ஷட்டர் இறங்கியது. மறுபடி ஏறவில்லை. பூட்டிக் கிடந்த வீடுகளின் கதவில் பேங்க்காரர்கள் வந்து நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

காசியம்மாள் மாடிப்படி ஏறி இறங்கித்தான் வியாபாரத்துக்குப் போனாள். விடியுமுன் மாவுக் குண்டானோடு இறங்குவாள்; மத்தியானம் காலிக் குண்டானோடு ஏறுவாள். இத்தனை வருஷம் வண்டிக்குப் பின்னால் நின்ற முட்டி அது. மழைக்காலத்தில் வீங்கியது, பிறகு மடங்க மறுத்தது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த டாக்டர், "எலும்பு தேஞ்சிருக்கு. மாடி ஏறவே கூடாது. இறங்கறது அதைவிட மோசம்" என்றார்.

"ஏறவும் கூடாது, எறங்கவும் கூடாதுன்னா நான் எங்க டாக்டர் நிக்கறது?"

டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அன்று ராஜமாணிக்கமும் வாட்ச்மேன் மணியும் ஆளுக்கு ஒரு கையைத் தாங்கி அவளை மேலே ஏற்றினார்கள். ஒவ்வொரு மாடியிலும் மூடியிருந்த லிப்ட் கதவில் சாய்ந்து இளைப்பாறினாள். அதற்குப் பிறகு அவள் கீழே இறங்கவில்லை. இட்லி வண்டியைக் கார் நிறுத்தும் இடத்தில், கார் இல்லாத காரணத்தால், தார்ப்பாய் போட்டு நிறுத்தினார்கள்.

மேலே இருந்துகொண்டே காசியம்மாள் குடும்பம் நடத்தினாள். பால்கனியிலிருந்து கயிறு கட்டிய கூடை இறங்கும். காய்கறி வண்டிக்காரனிடம் நாலு மாடி உயரத்திலிருந்து பேரம் நடக்கும்.

"கத்திரிக்கா இன்னா வெல?"

அவன் சொல்லுவான்.

"இன்னாது? காது கேக்கல!"

அவன் கத்துவான்.

"அந்த வெலையெல்லாம் மேல ஏறி வராது! கம்மி பண்ணு!"

அவன் சிரித்துக்கொண்டே குறைப்பான். ஆனால் கூடையில் சொத்தைதான் வரும். திருப்பித் தருவதற்கு அவள் மறுபடி கயிற்றை இறக்குவதற்குள் வண்டி திருப்பம் தாண்டியிருக்கும். கீழ்பென்னாத்தூரில் தங்கை மகள் கல்யாணத்தை வீடியோ காலில் பார்த்தாள். தாலி கட்டுகிற நேரத்துக்கு யாரோ ஒருவருடைய முழங்கைதான் தெரிந்தது. "நல்லா இருந்துச்சு முழங்கை" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விற்றுவிடலாம் என்றான் அன்பரசன். வந்த புரோக்கர் இரண்டாவது மாடியில் உட்கார்ந்து, அங்கேயிருந்தே போன் செய்து, "மேல எப்படி இருக்கும்னு நீங்களே சொல்லிடுங்கம்மா" என்றார்.

ஆக, மிச்சம் இருந்தது ஒரே வழி. வீட்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து சங்கம் ஒன்றைப் பதிவு செய்தால், அதன் பேரில் லிப்டுக்குக் கரண்ட் வாங்கலாம். அதற்குக் கட்டடத்தில் பாதி வீடுகளுக்கு மேல் கையெழுத்து வேண்டும். லிப்ட் ஓடினால் காசியம்மாள் சொந்த வீட்டில் இருக்கலாம். ஓடாவிட்டால் மறுபடி வாடகை வீடு, மறுபடி மூக்குக் குரல். "நான் செத்தாலும் ஒரு வூட்டுக்காரி வாசப்படி மிதிக்கமாட்டேன்" என்று சொல்லிவைத்திருந்தாள்.

ஆனால் வீட்டுக்காரர்களை எங்கே பிடிப்பது? அவர்கள் பௌர்ணமிக்குப் பௌர்ணமிதான் வருவார்கள். அன்றைக்கு மட்டும் கட்டடத்தில் விளக்கு எரியும், பைப்பில் சத்தம் வரும். வந்து, குளித்து, கிரிவலம் போய், வந்து படுத்து, பூட்டிக்கொண்டு போவார்கள். லிப்ட் இல்லாதது அவர்களுக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. "படி ஏறறதும் ஒரு பிரார்த்தனை மாதிரிதாம்மா" என்று சென்னை ஆடிட்டர் ஒருவர் கண்ணை மூடிச் சொன்னார். அவர் வீடு முதல் மாடி.

அந்த மாதம் பௌர்ணமி காலையிலேயே தொடங்கிவிட்டது. ராஜமாணிக்கம் ஒவ்வொரு கதவாகத் தட்டினார். எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள்: சுத்திட்டு வந்து பேசலாம். சுற்றிவிட்டு வந்தால் தூங்குவார்கள், எழுந்தால் ஊருக்குப் போவார்கள் என்பது காசியம்மாளுக்குத் தெரியும்.

"நீங்களும் அவங்ககூடவே சுத்துங்க. நடக்க நடக்கக் கையெழுத்து வாங்குங்க. சாமிக்குச் சாமியும் ஆச்சு, லிப்ட்டுக்கு லிப்ட்டும் ஆச்சு."

அவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பேப்பரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கிளம்பினார். அவள் பால்கனியில் நாற்காலியைப் போட்டு, மடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இன்னாங்க, யாரையாவது புடிச்சீங்களா?"

"நெல்லூர்க்காரர புடிச்சிட்டேன், காசி. ஆனா அவரு பேசமாட்டாரு."

"ஏன், நம்ம மேல கோவமா?"

"மௌன விரதம். சுத்தி முடிக்கிற வரைக்கும் வாயத் தொறக்கமாட்டாராம்."

"கையெழுத்துக்கு வாயி எதுக்கு? கைதானே வோணும்?"

"கையில ஜபமாலை ஓடிக்கினு இருக்குது."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டாள். போனில் ஆயிரம் பேர் நடக்கிற சத்தமும், சுண்டல் விற்கிறவன் குரலும், தெலுங்குப் பாட்டும் கேட்டன.

"ஆடிட்டரு எங்க?"

"எமலிங்கம் கோயிலாண்ட உக்காந்துட்டாராம். நான் பாக்காம தாண்டி வந்துட்டேன்."

"அப்ப திரும்பிப் போயி வாங்கிக்கினு வாங்க."

"எப்படித் திரும்பறது? மலைய எடது கைப் பக்கம் வெச்சு, எதுக்கால நடந்தா ஜனங்க சும்மா வுடுமா? சாமி குத்தம் காசி அது."

"சரி, நின்னு புடிங்க."

"நின்னா நம்ம கட்டடத்து ஆதவன் தம்பி முன்னால போயிடுவாரு. ஐடி கம்பெனிக்காரரு இல்லியா, ஓட்டமா நடக்கறாரு."

காசியம்மாள் மலையைப் பார்த்தாள். அவர் இப்போது மலைக்கு அந்தப் பக்கம் இருந்தார். அவளுடைய சங்கம் மொத்தமும் அந்தப் பக்கம்தான் இருந்தது: ஒருத்தர் முன்னால், ஒருத்தர் பின்னால், ஒருத்தர் பேசாமல். நடுவே இலவசமாகக் கொடுத்த மலை.

கிரிவலப் பாதையில் வாயுலிங்கம் தாண்டியபோது ராஜமாணிக்கம் தானே கூப்பிட்டார். மூச்சு வாங்கியது. "ஆதவன் தம்பிய புடிச்சிட்டேன். உங்கிட்ட பேசணும்ங்கறாரு."

"ஆன்ட்டி, வணக்கம் ஆன்ட்டி" என்றது மரியாதையான, அவசரமான குரல். "நான் சைன் பண்ணிட்டேன். பட் ஒரு விஷயம். நாங்க எல்லாருமே சைன் பண்ணாலும் யூஸ் இல்ல ஆன்ட்டி."

"ஏம்ப்பா?"

"பாதிக்கு மேலன்னா, விக்காத ஃப்ளாட்டையும் சேத்துதான் எண்ணணும். விக்காததுதான் இங்க ஜாஸ்தி. அதெல்லாம் இன்னும் வேணு சார் பேர்ல இருக்கு. அவர் சைன் இல்லாம பாதி வராது."

"அவன் எங்கப்பா இருக்கான்?"

"தெரியல ஆன்ட்டி. பேங்க்குக்கே தெரியல."

"அப்ப, என்னாட்டம் இன்னும் நாலு பேரு ஏமாந்து வந்து வாங்குனாத்தான் லிப்ட்டு ஓடும். அப்படித்தானே?"

"பேசிக்கலி... ஆமா ஆன்ட்டி."

ராஜமாணிக்கம் சுற்றி முடித்து, பாதமெல்லாம் கொப்புளத்தோடு படியேறி வந்தார். பேப்பரை அவள் மடியில் வைத்தார். காசியம்மாள் அதைப் பிரிக்கவில்லை. வெந்நீர் வைத்து, அவர் காலைத் தூக்கித் தன் மடியில் போட்டு ஒத்தடம் கொடுத்தாள். தரையில் உட்கார அவளால் முடியாது. அவரைத்தான் எதிர் நாற்காலியில் உட்கார வைத்தாள். கீழ் வீட்டையே வாங்கியிருக்கலாம் என்று அவர் அன்றைக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு அந்தப் பொழுதைக் கழித்திருக்கலாம்.

இரண்டு வாரம் கழித்து, நிஜமாகவே நாலு மாடியும் ஏறி ஒரு புரோக்கர் வந்தார். கூடவே எழில் என்று ஒரு பையனும் அவன் பெண்டாட்டி அபிநயாவும். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள். பேங்க் ஏலத்தில் வருகிற பக்கத்து வீட்டைப் பார்க்க வந்திருந்தார்கள். அபிநயா பால்கனியில் நின்று மலையைப் பார்த்தாள். அவள் முகத்தில் காற்று அடிப்பதைக் காசியம்மாள் தன் வாசலிலிருந்து பார்த்தாள். அந்த முகம் அவளுக்குத் தெரிந்த முகம்.

"லிப்ட்டுதான் சின்ன வேலை பாக்கி இருக்குது. வந்துடும்" என்றார் புரோக்கர். "இதோ, இந்த அம்மாவையே கேளுங்களேன். ரொம்ப நாளா இருக்கறாங்க."

அபிநயா திரும்பினாள். "ஏங்கம்மா, லிப்ட்டு ஓடுமா?"

ஊர் முழுக்கச் சொல்லித் தேய்ந்த வாக்கியம் காசியம்மாளின் நாக்கு நுனியில் வந்து நின்றது. அன்னிக்கு ஓடுச்சே. பொய்கூட இல்லை. சொன்னால் ஒரு வீடு விற்கும். ஒரு கையெழுத்து கூடும். இன்னும் சில பேர் இப்படி வந்தால் பாதி ஆகிவிடும். படிக்கட்டில் நின்ற ராஜமாணிக்கம் அவள் வாயையே பார்த்தார்.

"ஓடாதும்மா" என்றாள் காசியம்மாள். "நீ மாசமா இருந்தா எப்படி எறங்குவ? போயி தரையோட தரையா ஒரு வூடு பாரு."

புரோக்கர் போகும்போது படியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனார். அன்றிலிருந்து அந்த வாக்கியத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. காஸ் சிலிண்டர்காரன்தான் முதலில் கவனித்தான். "இன்னா யக்கா, ஒடம்பு சரியில்லையா?" என்றான்.

வாடகைக்கு வீடு தேடச் சொல்லி அவளே வாய்விட்டுச் சொன்னாள். டவுனுக்குள், தரைத்தளத்தில், ராஜம்மாள் என்கிறவளின் வீட்டில் பின்பக்க போர்ஷன் கிடைத்தது. கிளம்பும் நாளில் காசியம்மாள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, ராஜமாணிக்கத்தைச் சுவர் சுவராக அனுப்பி ஆணிகளைப் பிடுங்க வைத்தாள். "கெடக்கட்டுமே காசி, நம்ம வூடுதானே" என்றார். "நானே இல்லாத வூட்டுல என் ஆணிக்கு இன்னா வேல?" என்று ஒரு டப்பாவில் போட்டு மூடினாள்.

பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார வைத்து, மணியும் ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள் மூன்று பேரும் தூக்கி இறக்கினார்கள். "மெதுவா, மெதுவா. சாமி ஊர்வலம்டா இது" என்று மணி கிண்டல் செய்தான். அவள் சிரிக்கவில்லை. கீழே லிப்ட் வாசலில், அவள் கற்பூரம் ஏற்றிய கரி இன்னும் தரையில் இருந்தது. எலுமிச்சம்பழம் கறுத்து, கோலிக்குண்டு அளவுக்குச் சுருங்கித் தொங்கியது. மணி தலையைச் சொறிந்தான். "லிப்ட்டு வந்தா மொத போன் உனக்குத்தான் யக்கா." அவள் அவன் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

ராஜம்மாள் வாசலிலேயே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஆட்டோவிலிருந்து சாமான் இறங்குவதை எண்ணுகிற மாதிரி பார்த்தாள். கடைசியில் காசியம்மாள் இறங்கினாள். ராஜம்மாள் ஆரம்பித்தாள், மூக்குக் குரல்தான்.

"சொவத்துல ஆணி அடிக்காதீங்க, சொல்லிட்டேன். ஆமா, வேங்கிக்கால்ல சொந்த ஃப்ளாட்டு இருக்குதுங்கறாங்களே? சொந்த வூட்ட வெச்சிக்கினு இங்க இன்னாத்துக்கு வாடகைக்கு வர்றீங்க?"

காசியம்மாள் ஒரு கையால் வாசல் நிலையைப் பிடித்தாள். இன்னொரு கையில் ஆணி டப்பா இருந்தது. வாசப்படி ஒன்றே ஒன்றுதான். அதை ஏறுவதற்கு முன் நிமிர்ந்து வீட்டுக்காரியைப் பார்த்தாள்.

"இருக்குதும்மா, நாலாவது மாடியில சொந்த வூடு இருக்குது. அது எறங்கி வராது, என்னால ஏறிப் போவ முடியாது, ரெண்டுக்கும் நடுவுல ஒரு லிப்ட்டு சும்மா நிக்குது. ஆணிய நெனச்சு நீங்க பயப்படாதீங்க, அடிச்சதெல்லாம் புடுங்கி எடுத்துக்கினுதான் வந்திருக்கறேன். இப்ப சொல்லுங்க, தண்ணி எத்தினி மணிக்கு வுடுவீங்க?"